தொபியாஸ் கண்ணில் படாத டப்பா

தெற்குத்துறைக் கடற்கரையில் வாயை மட்டுமே முதலாகப் போட்டுப் பிழைக்கிற ஏலக்காரர்கள் ஆறு பேர் உண்டு. அதில் ஐந்து பேர் கத்தினால் மணலில் உட்கார்ந்திருக்கும் காகம் பறந்து போகும், ஆறாவது ஆளான தொபியாஸ் மச்சாது கத்தினால் பறந்துகொண்டிருக்கும் காகம் இறங்கி வந்து நெத்திலிக்கு விலை கேட்கும் என்று சொல்வார்கள். பன்னிரண்டு வயதில் கூடை சுமந்து, பதினாறில் அடிபட்டு, இருபதில் திருப்பி அடித்து, யார் தயவும் இல்லாமல் தன் தொண்டையாலேயே வீடு கட்டிய அந்த மனுசனை, பிஸ்கட் டின் உயரம்கூட இல்லாத ஒரு கறுப்பு டப்பா, தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, அவர் வீட்டு அலமாரியில் இருந்தபடியே விட்டுவிட்டுப் போனது.

டப்பாவுக்குப் பெயர் நாஸ். மகள் ஜெசிந்தா மஸ்கட்டில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை கிடைத்துப் போனபின் முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாங்கி வைத்தது. அதை வைஃபை பெட்டியோடு வயரில் இணைத்துவிட்டால் உள்ளே இருக்கிற படங்களை வீட்டு டிவியிலும் போனிலும் திறந்து பார்க்கலாம், மஸ்கட்டில் இருந்துகொண்டே அவளும் அதற்குள் படம் போடலாம். டிவியில் 'தொபியாஸ் வீடு' என்று ஒரு பெயர் வரும்; அதை அமுக்கினால் கடல். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அடுத்த வருசம் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு அறுந்துபோயிற்று, ஆனால் டப்பாவின் வயரை இரண்டு பேரும் அறுக்கவில்லை. அதிலிருந்து பதினோராவது மாதம் டப்பாவுக்குள் 'மெல்வின்' என்று ஒரு பெயர் புதிதாக முளைத்தது. திறந்தால் துணியில் சுற்றிய ஒரு சிவந்த மூஞ்சி. அன்றுமுதல் மஸ்கட்டில் விடுமுறையான வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணிக்குப் படங்கள் வந்தன, தொபியாஸ் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார், ஒரு சொல் அங்கிருந்தும் வரவில்லை, ஒரு சொல் இங்கிருந்தும் போகவில்லை, தனக்கு ஒரு பேரன் இருக்கிறான் என்பதைத் தெருவில் ஒரு பூனைக்குக்கூட அவர் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டிவியில் 'தொபியாஸ் வீடு' இல்லை. அணைத்துப் போட்டார், இல்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டார், இல்லை. டப்பாவையே அணைத்துப் போட்டார். பச்சை லைட்டு சொன்னதைக் கேட்கிற பிள்ளைபோல எரிந்தது, டிவியில் மட்டும் இல்லை. நாலரை மணிக்கு ரிமோட்டை எறிந்தார். ஐந்து மணிக்கு கேபிள் கிங்ஸ்டனுக்கு ஆள் விட்டார்.

கிங்ஸ்டன் இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், ஊரில் உள்ள எல்லா வயருக்கும் மருமகன். லேப்டாப்பைத் திறந்து தரையில் உட்கார்ந்தான்.

"லைட்டு எரியுது மாமா."

"லைட்டு எரியுதுன்னு சொல்லத்தான் ஒன்ன வரச் சொன்னனா? ஆளு எங்க?"

"பிங் அடிச்சுப் பாக்கேன்."

"அடி. நல்லா ஓங்கி அடி."

"அடிக்கதுன்னா அப்படி இல்ல மாமா. 'இருக்கியா'ன்னு நாம கேப்போம். 'இருக்கேன்'னு அது சொல்லணும்."

"சொல்லுதா?"

"சொல்லல."

"மறுபடி கேளு."

"நாலு தடவ கேட்டாச்சு. வாயத் தொறக்கல."

கிங்ஸ்டன் வயரை மாற்றினான், வைஃபை பெட்டியில் வேறு ஓட்டையில் சொருகினான், டப்பாவின் எண்ணைக் கையால் அடித்துப் பார்த்தான், கடைசியில் மூக்கைச் சொறிந்துகொண்டு, கம்ப்யூட்டரும் டப்பாவும் ஒரே குழுவில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றான்.

"நான் எந்தக் குழுவுலயும் இல்ல. சங்கத் தேர்தல்லயே தனியாத்தான் நின்னேன்."

"அதுல எத்தன ஓட்டு மாமா வாங்குனிய?"

"வேலயப் பாருல."

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எஸ்கலின் குரல் வந்தது. எஸ்கலின் கருவாட்டு வியாபாரி. தொபியாஸிடம் ஏலத்தில் மீன் எடுத்துவிட்டு, மறுநாள் வந்து கூடைக்கு அடியில் கெட்டது இருந்தது, ஐஸ் போதவில்லை, வால் ஒடிந்திருந்தது என்று ஏழு வருசமாகக் குறை சொல்கிறவள். அந்த ஏழு வருசமாக ஏலக்களத்தைத் தாண்டி இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் இப்போது சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"இந்தத் தெருவுல யாருக்கோ பேரன் பொறந்திருக்கான்போல. எங்க வீட்டு டிவில வந்து சிரிச்சிட்டு இருக்கான். மூக்கப் பாத்தா யாரு வீடுன்னு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்ல."

கிங்ஸ்டன் ஓடிப்போய்ப் பார்த்து வந்தான். எஸ்கலின் வீட்டு டிவியில் 'தொபியாஸ் வீடு' இருந்தது. அதற்கடுத்த கோமஸ் வீட்டில் இருந்தது. எதிரே டெய்லர் கடையில், முக்கில் டீக்கடையில், பங்குச்சாமி மேசையில் வைத்த லேப்டாப்பில், வைஃபையே போடாத கிழவர் ரொசாரியோவின் பழைய டிவியில்கூட, புகைபோல லேசாக, 'தொபியாஸ் வீடு' இருந்தது. பதினேழு வீட்டுத் தெருவில் பதினாறு வீட்டில் டப்பா இருந்தது, டப்பா இருக்கிற வீட்டில் இல்லை.

தொபியாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், ஏழு வருசத்தைத் தாண்டி எஸ்கலின் வீட்டுக்குள் நுழைந்தார். அவர் கால் நிலைப்படியில் பட்டதும் டிவியில் இருந்த பையன் போய்விட்டான். பெயரும் போய்விட்டது. வெளியே வந்தார், உள்ளே எல்லாரும் "ஆங், வந்துட்டான்" என்றார்கள். உள்ளே போனார், "போயிட்டான்" என்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தார், போனில் பார்த்தார், முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போய் நடுவில் உட்கார்ந்து சட்டென்று விலக்கிப் பார்த்தார். கிங்ஸ்டன் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். தெரு முக்குவரை பையன் இருந்த தாள், தொபியாஸ் கைக்கு வந்தபோது வெறும் தாளாக இருந்தது. கிங்ஸ்டன் மாமாவை முன்னே நடக்கவைத்து, பின்னே நடக்கவைத்து, கயிறு பிடித்து அளந்து, கணக்கு பன்னிரண்டு முழம் என்று சொன்னான். பன்னிரண்டு முழத்துக்குள் தொபியாஸ் இருந்தால் டப்பா இல்லை.

"இது கம்பெனில சொன்னா ஒத்துக்கிட மாட்டான் மாமா. வாரண்டியில இது வராது."

தெரு இதைப் பெரிய விசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் ஒருநாள் உள்வாங்கி நிற்கும், மறுநாள் வீட்டு வாசலுக்கு வரும். அதையெல்லாம் பார்த்தவர்களுக்கு ஒரு டப்பா ஒரு ஆளைப் பார்க்க விருப்பமில்லாமல் இருப்பது அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம் எல்லாம், இந்த மூர்க்கனுக்கு இப்படி ஒரு அழகான பேரனா என்பதில்தான். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் எல்லாரும் எஸ்கலின் வீட்டில் கூடினார்கள், அவள் டிவிதான் பெரிது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை டீக்கடைக்காரன் டிவியை வாசலுக்குத் திருப்பி பெஞ்சு போட்டான். மூன்றாவது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்கு ஆள் குறைவதைப் பார்த்த பங்குச்சாமி சிலுவைப்பாதையை நாலு மணிக்கு மாற்றிவிட்டு, மூன்று மணிக்குத் தானும் வந்து ஓரமாக நின்றார். பையனுக்கு எண்ணெய் போதவில்லை என்றார்கள். மஸ்கட்டு வெயிலுக்கு அந்தத் தொப்பி ஆகாது என்றார்கள். அவனுக்குப் பல் முளைத்தபோது கோமஸ் வீட்டில் கொழுக்கட்டை அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். தொபியாஸ் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது, பல்லைப் பார்க்காத தாத்தா கொழுக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பல்லு?" என்று தட்டைக் கொண்டுவந்தவளைக் கேட்டார்.

"நாலு."

"ரெண்டுன்னு சொல்லு."

"நாலு அண்ணாச்சி. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"டெய்லர் மூணுன்னான். போனாப் போகுது, மூணுன்னு வச்சுக்கிடுவோம்."

"பல்லுக்குக்கூடவா வெல பேசுவிய?"

வேறு என்ன செய்வார். பேரன் அவருக்குப் பிறர் வாயிலிருந்துதான் வந்தான், பிறர் வாயிலிருந்து வருகிற எதையும் பாதியாகக் குறைத்துத்தான் அவர் இத்தனை காலம் வாங்கியிருக்கிறார். சுருட்டை முடி என்றார்கள், லேசான சுருட்டை என்று எடுத்துக்கொண்டார். நிற்கிறான் என்றார்கள், பிடித்துக்கொண்டுதானே என்றார். இப்படிக் குறைத்துக் குறைத்து, தெருவில் ஓடிவிளையாடுகிற பிள்ளை அவரிடம் வந்தபோது பாய்விட்டு எழும்பாத பிள்ளையாக இருந்தது. போதாததற்கு, வெள்ளிக்கிழமை அவர் தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் கையைக் காட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிப் போங்க, பையன் தவழுதான்" என்று கெஞ்சினார்கள். அவர் எந்தப் பக்கம் தள்ளிப் போனாலும் அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு "அடடா" வந்தது. கடைசியில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் கடலைப் பார்த்து நடந்து, முட்டளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டு, அலையைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

வீட்டுக்கு வந்தால் டப்பா. பச்சை லைட்டு. அதன் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதலில் மிரட்டினார், பிறகு பேரம் பேசினார். தூசி தட்டி வைப்பதாகச் சொன்னார். ஃபேனுக்கு நேரே இடம் தருவதாகச் சொன்னார். வாரத்துக்கு ஒரு படம் போதும், மற்றதெல்லாம் ஊரே வைத்துக்கொள்ளட்டும் என்றார். யாரிடமும் அவர் அவ்வளவு இறங்கியதில்லை. நாஸா நீ, நாசமால்லா போவ, என்று கடைசியில் எழுந்து போய்விடுவார். போய்விட்டு, ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரே நேரத்தில் இருபது பேர் மூச்சை இழுத்த சத்தம் தண்ணீரில் நின்ற அவருக்குக் கேட்டது. ஓடிவந்தார். பையன் நெற்றியில் கட்டு என்றார்கள்.

"எவ்வளவு பெரிய கட்டு?"

"எலுமிச்சங்காய் இருக்கும்," என்றான் டெய்லர்.

"கோழிமுட்ட சைசு," என்றார் கோமஸ்.

"ரத்தம் தெரியுதா?"

"மஞ்ச மருந்தா ரத்தமான்னு தெரியல. நாலு தையல் இருக்கும்."

"சிரிக்கானா?"

ஒருவன் சிரிக்கிறான் என்றான், ஒருத்தி அது சிரிப்பு இல்லை என்றாள். முதல்முறையாக எந்தச் சொல்லைக் குறைப்பது, எந்தச் சொல்லை முழு விலைக்கு எடுப்பது என்று தொபியாஸுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க ஏலக்களத்தில் அவர் குரல் உடைந்தது. விலை கூடிய சீலா மீனை மலிவான சாளை என்று கூறியதில் களமே சிரித்தது. ஆறாவது வெள்ளிக்கிழமை பங்குச்சாமியில் இருந்து டீ கிளாஸ் கழுவுகிறவர் வரைக்கும் காத்திருந்தார்கள். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, சிலுவைப்பாதைக்கு மணியடித்தது. டப்பா எல்லா வீட்டிலும் இருந்தது. அதற்குள் புதிதாக ஒரு படமும் வரவில்லை.

சிலுவைப்பாதைக்குப் போகாமல் எஸ்கலின் நேராகத் தொபியாஸ் வீட்டுக்கு வந்து நிலைப்படியில் நின்றாள். அவர் டப்பாவின் முன் உட்கார்ந்திருந்தார்.

"போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான, தொபியாஸண்ணே."

"மாட்டேன்."

"பையனுக்கு என்னன்னு தெரியாம ஊரே சோறு எறங்காம கெடக்கு. ஒமக்கு என்ன வீம்பு?"

"வீம்பு இல்ல. ஏலம் முடிஞ்சது."

தெருவுக்கே தெரிந்த கதைதான். கரையைச் சேராத ஒரு தச்சர் வீட்டுப் பையனைக் கட்டப்போகிறேன் என்று ஜெசிந்தா நின்ற அன்றைக்கு, இந்த நிலைப்படியில் நின்றுதான் தொபியாஸ் கூறினார்: போனா இந்த வீடு ஒனக்கு இல்ல, ஒரு தரம். பெட்டியைத் தூக்கினாள். ரெண்டு தரம். படி இறங்கினாள். கடைசித் தரத்தையும் அவர் சொன்னார், பதினேழு வீட்டுக்கும் கேட்கிற குரலில். மூன்று தரம் கூறி முடித்ததைத் திரும்பக் கூறுகிறவன் அந்தக் கரையில் ஏலக்காரன் இல்லை. அவர் சொல்லுக்கு விலை இருப்பதே, முப்பத்தைந்து வருசத்தில் ஒரு கூடையைக்கூட அவர் திரும்பக் கூறியதில்லை என்பதால்தான். பேச முடியாது. முதலில் பேசுகிறவன் ஏலத்தைத் திறக்கிறான்.

எஸ்கலின் டப்பாவைப் பார்த்தாள்.

"ஏலம் முடிஞ்ச பெறவு நான் ஒம்மகிட்ட எத்தன தடவ வந்திருக்கேன்?"

"எண்ண முடியுமா? மனுசன் உயிர வாங்கியிருக்க."

"எதுக்கு வந்தேன்?"

"பழுது சொல்ல."

"ஏலம் முடிஞ்சது, பேச மாட்டேன்னு நீரு என்ன வெரட்டுனீரா?"

"பழுது சொல்ல வர்றவள வெரட்டக் கூடாது. அது கள வழக்கம். சரக்குல பழுதுன்னா எப்ப வேணும்னாலும் வரலாம், எடுத்தவனும் பேசலாம், குடுத்தவனும் பேசலாம். அது ஏலத்தத் தொறந்ததா ஆவாது."

"இந்தச் சரக்கு யாரு குடுத்தது?"

"அவதான்."

"வேல செய்யுதா?"

முப்பத்தைந்து வருசமாக எல்லாரையும் மடக்கிய ஆள், ஏழு வருசமாக வெறுத்த ஒரு குறைக்காரியிடம் மடங்கியதை முகத்தில் காட்டாமல் இருக்க, போனை எடுத்துக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

மஸ்கட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா எடுத்தாள்.

"நாந்தான்," என்றார், களத்தில் பேசுகிற குரலில். "வேற ஒண்ணுமில்ல. நீ வாங்கித் தந்த டப்பா பழுது."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம்.

"என்ன பழுது?"

"காணோம்."

"அலமாரியில இல்லியா?"

"அலமாரியில இருக்கு. ஆனா காணோம்."

"லைட்டு என்ன கலர்ல எரியுது?"

"பச்ச."

"வைஃபை பெட்டியில இருந்து வர்ற வயரு டிக்குன்னு சத்தம் கேக்க வரைக்கும் சொருகியிருக்கா?"

"கிங்ஸ்டன் சொருகினான். அவன் சொருகுனா எப்படி இருக்கும். நான் பாக்கேன்."

"பாருங்க. மெதுவா. வயச மனசுல வச்சுக்கிட்டுக் குனிங்க."

"எனக்கு என்ன வயசு? வியாபாரத்தப் பேசு."

"பழைய பாஸ்வேர்டு கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல. அதுக்கு என்கிட்டக் கேக்கதுக்கு என்ன இருக்கு."

அவள் அடுத்ததைச் சொல்ல வாயெடுக்கும்போது, பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் எதையோ முழுசாகச் சொல்லாமல் கத்தியது. "டேய், கட்ட அவுக்காத," என்றாள் ஜெசிந்தா. "ஒரு நிமிசம் இருங்க. கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டான். இந்த வாரம் பூரா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சேன், ஒண்ணுக்கும் நேரமில்ல."

"அத நான் கேக்கல. டப்பாவத்தான் கேட்டேன்." பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு: "எத்தன தையல்?"

"ரெண்டு."

"தெருவுல நாலுன்னாவ."

"எந்தத் தெருவுல?"

"அது பெரிய கத. தையல் பிரிச்சாச்சா?"

"நாளைக்கு. நல்லாத்தான் இருக்கான். ஓடுதான், நிக்க மாட்டங்கான். அவன் கோவத்துக்கு என்னால ஈடுகுடுக்க முடியல."

வயரை டிக்கென்று சொருகிவிட்டு நிமிர்ந்த தொபியாஸின் முன்னால், டிவியில், 'தொபியாஸ் வீடு' இருந்தது. எப்போது வந்தது என்று அவர் பார்க்கவில்லை. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால், சுடுமோ என்று பயப்படுகிறவரைப்போல ரிமோட்டை அமுக்கினார். அவர் பார்க்காமல் விட்ட ஐந்து வெள்ளிக்கிழமைப் பிள்ளையும் வரிசையாக வந்தது. பல் நாலு. முடி லேசான சுருட்டை இல்லை, நல்ல சுருட்டை. கட்டு கோழிமுட்டையும் இல்லை, எலுமிச்சங்காயும் இல்லை, ஒரு புளியங்கொட்டை. அதற்குக் கீழே பையன் யாரையோ முறைத்துக்கொண்டு நின்றான், எதையும் பிடிக்காமல். வெளியே வீட்டுக்கு வீடு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "எங்க வீட்ல போயிட்டான்," "எங்க வீட்லயும் காணோம்," என்று பேசிக்கொண்டே தெரு தொபியாஸ் வாசலுக்கு வந்தது. நிலைப்படியில் நின்ற எஸ்கலின் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள்.

"வந்துட்டுதாப்பா?" என்றாள் ஜெசிந்தா. அப்பா என்று அவள் சொன்னது இருவருக்கும் கேட்டது. இருவரும் கேட்காததுபோல இருந்தார்கள்.

தொபியாஸ் டிவியைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "காணோம்."

"இங்க என் போன்ல அது ஒங்க டிவில ஓடுதுன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "சரி. காணோம்னா, கரண்டு வயரக் கழத்திட்டு முப்பது வரைக்கும் எண்ணணும். அவசரமே இல்ல. நான் லைன்லயே இருக்கேன். கழத்திட்டியளா?"

"கழத்திட்டேன்," என்றார் தொபியாஸ், வயரைத் தொடாமல். எஸ்கலின் அதைப் பார்த்தாள். மஸ்கட்டில் பையன் மறுபடி கத்தினான், ஜெசிந்தா அவனிடம் என்னவோ சொன்னாள், அவன் திரும்பச் சண்டைக்கு நின்றான், அதெல்லாம் முடிய ரொம்ப நேரம் ஆனது.

"எண்ணிட்டியளா?"

"நீங்க ரெண்டு பேரும் சத்தம் போட்டதுல விட்டுப்போச்சு," என்றார் தொபியாஸ். "மொதல்ல இருந்து எண்ணுதேன்."